மாமா என்றால் அப்பாவாகிற ஊரில் பன்னிரண்டு நாள்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது ஐந்து. என் தங்கை போன பிறகு அவளுடைய இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழு பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. ஏழு பேரும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள். இதை முதலிலேயே எழுதிவிடக் காரணம் உண்டு. திபிலிசி விமான நிலையத்தில் கையுறை போட்ட ஒரு பெண், இந்தக் கிழவிக்கு ஒன்றும் தெரியாது என்பது போல என்னைப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளை இருந்தால் அதிகம்.

மூன்றாம் வகுப்பு வரை போனேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுதுவதும் அப்படித்தான். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் பிடிக்கிறது. பிடிக்கட்டும், எனக்கு எந்த பஸ்ஸும் போகவில்லை.

மாமல்லபுரத்துக்கு வடக்கே எங்கள் குப்பம். நாவலூர் அடுக்குமாடி வீடுகளில் நாற்பது வருஷமாக மீன் விற்றேன், அங்கே அடுக்குமாடி வருவதற்கு முன்னால் இருந்தே. என் பெரிய மகனின் மகள் சிந்து ஜார்ஜியா என்கிற நாட்டில், அந்தத் திபிலிசியில்தான், டாக்டருக்குப் படிக்கிறாள், இது மூன்றாவது வருஷம். மலை நாடு. கடல் எங்கேயோ தூரத்தில் இருக்கிறதாம். தினமும் போனில் பேசுவாள். கொஞ்ச நாளாகப் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, வவ்வாக் கருவாட்டுக் குழம்பைப் பற்றி மட்டும் பேசினாள்.

சிந்துவின் அம்மா, என் மருமகள், சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி கேண்டீனில் சமைக்கிறாள். அவள்தான் பயந்துபோனாள்.

"அத்த, இவ குரலே சரியில்ல. எனக்கு லீவு குடுக்க மாட்டாங்க, அவரு கடலுக்குப் போவணும். நீ ஒரு நடை போய் இன்னா ஏதுன்னு பாத்துட்டு வா."

கேளம்பாக்கம் போய்விட்டு வா என்பது போலச் சொன்னாள். செங்கல்பட்டைத் தாண்டி நான் போனது திருப்பதிக்கு மட்டும். ஆனாலும் "போறேன்" என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் சொன்னேன்.

எங்கள் பக்கம் வவ்வால் என்றால் மீன். வட்டமாக, வெள்ளையாக, முள் குறைவாக, விருந்தாளிக்குப் போடுகிற மீன். மரத்தில் தலைகீழாகத் தொங்குகிறதற்கும் அதே பெயர்தான், ஆனால் அதை யாரும் குழம்பு வைப்பதில்லை. நான் நல்ல வவ்வாலாகப் பார்த்து வாங்கிப் பிளந்து, உப்புப் போட்டுக் காய வைத்து, பேப்பரில் சுற்றி, டேப் ஒட்டி எடுத்துப் போனேன். இன்னொரு பொட்டலமும் இருந்தது. காரப்பொடி என்று சின்ன வெள்ளி மீன், எங்கள் கரையில் கொட்டிக் கிடக்கும். அதைக் காய வைத்து வறுத்து, மிளகாயும் பூண்டும் சேர்த்து உரலில் இடித்தது.

அந்தக் கையுறைப் பெண் பொட்டலத்தைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டாள். தன் போனை என் வாய்க்கு நேராக நீட்டினாள். தமிழில் சொன்னால் அவர்கள் பாஷையில் சொல்லும் போன். இயந்திரத்துக்குப் புரிய வேண்டுமே என்று நான் ரேடியோவில் பேசுகிற மாதிரி சுத்தமாகச் சொன்னேன்: "வவ்வால். காய வைத்த வவ்வால். என் பேத்தி ஆசைப்பட்டாள்."

போன் அதைச் சொன்னதுதான் தாமதம், அவள் இரண்டடி பின்னால் போனாள். "காமுரா! காமுரா!" என்று கூப்பிட்டாள். மூக்கை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பிரித்துப் பார்த்திருந்தால் மீன் என்று தெரிந்திருக்கும். பிரிக்கவே பயந்தார்கள். என் வவ்வாலை நீளமான இடுக்கியால் தூக்கி மஞ்சள் பையில் போட்டு முடிச்சுப் போட்டார்கள், ஏதோ அது பறந்துவிடும் என்பது போல.

அடுத்த பொட்டலத்துக்குப் போனை நீட்டினாள். "காரப்பொடி," என்றேன். போன் அதை மிளகாய்த்தூள் என்று சொல்லிற்றாம். அவள் மோந்து பார்த்து, மூன்று தும்மல் போட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் சொன்னது இரண்டும் உண்மை. பொய் சொன்னது போன்.

வெளியே சிந்து நின்றிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டவள் அப்படியே என் பையை மோந்தாள்.

"ஆயா, வவ்வா எங்க?"

"புடிச்சி வெச்சிகினாங்கடி."

நடந்ததைச் சொன்னேன். "காமுரான்னா பறக்கற வவ்வால், ஆயா!" என்று ரோட்டிலேயே குந்திச் சிரித்தாள். சிரித்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். நான் ஏழு பிள்ளைகளின் அழுகையைப் பார்த்தவள். அது கருவாட்டுக்கு அழுகிற அழுகை இல்லை.

அவள் வீடு ஏழாவது மாடி. லிஃப்ட்டுக்குள் உண்டியல் வைத்திருக்கிறார்கள். காசு போட்டால்தான் மேலே போகும், கீழே வர இனாம். நாவலூரில் மீன் கூடையோடு லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்று வாட்ச்மேன் துரத்துவான். இங்கே துரத்த ஆளில்லை, ஆனால் லிஃப்ட்டே கை நீட்டுகிறது. மறுநாள் தனியாக இருந்தபோது நம்ம ஊர் இரண்டு ரூபாயைப் போட்டுப் பார்த்தேன். விழுங்கிவிட்டு அசையாமல் நின்றது. ஏழு மாடியும் நடந்து ஏறினேன். மூன்றாவது மாடியில் நான் அதைத் திட்டியது அதற்குக் கேட்டிருக்கும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கதவு ஓரத்தில் ஒரு நீலப் பெட்டியைப் பார்த்தேன். பூட்டித் தயாராக நின்றது. வந்தது நான், பெட்டி கட்டியிருப்பது இவள். இருந்தாலும் அன்றைக்கு நான் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் அவள் வகுப்புக்குப் போன பிறகு அவள் நோட்டைத் திறந்தேன். தமிழ் எழுத்துதான். ஆனால் 'ஸாத் க்ட்கிவாத்' என்று எழுதியிருந்தது. மூன்று தடவை எழுத்துக் கூட்டினேன். விமானத்தில் வந்த காற்றில் எனக்குப் படிப்பு மறந்துவிட்டதோ என்று பயந்து பக்கத்தின் ஓரத்தைப் பார்த்தேன். அங்கே 'வடகறி' என்று இருந்தது. அது நன்றாகப் படிக்க வந்தது. இப்படி ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் வாயில் நுழையாதது, ஓரத்தில் வாய்க்குள் போகிறது. ஒரு பக்கத்தில் இறால் தொக்குக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

சாயங்காலம் வந்ததும் கேட்டேன்.

"இன்னாடி இது, தெரிஞ்ச எழுத்துல தெரியாததா எழுதி வெச்சிகீற?"

"எங்க வலிக்குதுன்னு கேக்கறது ஆயா. இந்த ஊரு பாஷை."

"தொண்டைல முள்ளு மாட்டிகினா மாதிரி கீதே."

"அப்படித்தான் சொல்லணுமாம். நான் சொன்னா எங்க டீச்சரம்மா கண்ண மூடிக்கிறாங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பாடம் இங்கிலீஷில்தான், அதில் பேஜாரு இல்லை. எலும்பு, நரம்பு எல்லாம் தலைகீழாகச் சொல்வாளாம். இந்த வருஷத்திலிருந்து ஆஸ்பத்திரியில் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பாஷையில் கேட்க வேண்டும். இவள் கேட்டால் நோயாளி டீச்சரைப் பார்த்துப் பதில் சொல்கிறார்.

"நான் அங்க நாற்காலி மாதிரி குந்திகினு கீறேன் ஆயா. நாற்காலிய யாராவது பாத்துப் பேசுவாங்களா?"

பரீட்சையில் ஒரு தடவை தோற்றுவிட்டாள். வீட்டில் சொல்லவில்லை. நான் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் மறுபரீட்சை. அதிலும் போனால் அந்த வருஷம் முழுவதும் திரும்பப் படிக்க வேண்டும்.

"என்னால முடியாது. பெயிலுன்னா நான் உன்கூடவே வந்துர்றேன். பெட்டிகூட கட்டிட்டேன்."

நான் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டு வெங்காயம் உரித்தேன். வந்துவிட்டால் நல்லது என்று எனக்கும் ஒரு பக்கம் தோன்றியது, மறைப்பானேன். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது பிள்ளைக்கு. ஆனால் நாவலூர் பஸ் கண்டக்டர் வரைக்கும் 'என் பேத்தி டாக்டரு' என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்த பஸ்ஸில் நான் இன்னும் ஏற வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில், "நாஸ்தாவுக்குப் பூரி வாங்கினு வா ஆயா, கீழ ஜன்னல்ல குடுப்பாங்க," என்றாள். இந்த ஊரிலும் பூரி உண்டா என்று கிழங்கு மசாலாவை நினைத்துக்கொண்டே இறங்கினேன். தரையோடு ஒரு ஜன்னல். உள்ளே கிணறு மாதிரி அடுப்பு, அதன் சுவரில் மாவை அறைந்து சுடுகிறார்கள். வெளியே வந்தது இரண்டு முனையும் கூராக, கட்டுமரம் மாதிரி ஒரு ரொட்டி. அதற்குப் பெயர்தான் பூரி. எண்ணெயே காணாத பூரியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜன்னலில் விற்றவள் பெயர் லமாரா. என் வயதுதான் இருக்கும், என்னைவிடப் பருமன், என்னைவிட வாய். காரப்பொடியில் எண்ணெய் விட்டுக் குழைத்து, ரொட்டியில் தடவி அவளுக்கும் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாயில் போட்டாள். முகம் சிவந்தது. தும்மினாள். தண்ணீர் குடித்தாள். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள், இன்னொரு துண்டுக்கு.

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம். நான் தமிழில் பேசுவேன், அவள் அவள் பாஷையில் பேசுவாள், வியாபாரம் பண்ணின இரண்டு பேருக்கு அது போதும். சந்தைக்கு மட்டும் தனியாகப் போகக் கூடாது என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். "தக்காளி அர கிலோ குடு" என்றேன். கடைக்காரன் எடுத்த தக்காளியைத் திரும்பக் கொட்டினான். "அர கிலோ!" என்று உரக்கச் சொன்னேன். தராசையே எடுத்து உள்ளே வைத்துவிட்டான். அவர்கள் பாஷையில் 'அரா' என்றால் வேண்டாம் என்று அர்த்தமாம். அதற்குப் பிறகு எதுவானாலும் ஒரு கிலோவாகவே வாங்கினேன்.

சிந்துவுக்கு ஒரு நாளைக்கு ஓர் ஆசை. வகுப்பு எவ்வளவு மோசமோ அவ்வளவு பெரிய ஆசை. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டால் வடகறி. நோயாளி திரும்பிப் படுத்துக்கொண்டால் நண்டு ரசம். ஐந்தாம் நாள் வடகறி கேட்டாள். கடலைப் பருப்பு கிடைக்காமல் அந்த ஊர் சிவப்புப் பயறை ஊற வைத்து அரைத்துச் செய்தேன். தட்டை வழித்துத் தின்றுவிட்டுச் சொன்னாள்.

"இது வடகறி இல்ல ஆயா. ஆனா வடகறிக்குச் சொந்தக்காரங்க மாதிரி கீது."

ஏழாம் நாள் லமாரா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். வீட்டில் செய்த திராட்சை ரசம் ஒரு கிளாஸ் கொடுத்தாள். முதல் கிளாஸை ஜூஸ் என்று நினைத்துக் குடித்தேன். இரண்டாவது கிளாஸைத் தெரிந்தே குடித்தேன்.

சிந்துதான் நடுவில் உட்கார்ந்து பாஷை மாற்ற வேண்டும். பரீட்சை பயத்தில் அவளுக்கு வாயே வரவில்லை. லமாரா மூச்சுவிடாமல் கால் மணி நேரம் பேசினாள். சிந்து, "நல்லாக்கீறியான்னு கேக்கறாங்க," என்றாள்.

"கால் மணி நேரமாவா கேட்டா?"

"ஆமா ஆயா, சும்மா இரு."

லமாரா என் போனில் இருந்த படத்தைப் பார்த்து யார் என்று சைகை காட்டினாள். என் வீட்டுக்காரர், வலை மேல் உட்கார்ந்து பீடி குடிக்கிற படம். அவர் என் அம்மாவின் கடைசித் தம்பி. எங்களில் தாய்மாமனைக் கட்டிக்கொள்வது பெருமை. இதற்குச் சிந்து எதற்கு என்று நானே நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன்: "மாமா! என் மாமா!"

லமாரா சந்தோஷமாகத் தலையாட்டினாள். சரியாகப் புரியவில்லை போல என்று நான் சாக்ஸைக் கழற்றிக் கால் மெட்டியைக் காட்டினேன். படத்தைத் தொட்டேன், மெட்டியைத் தொட்டேன், ஐந்து விரலைக் காட்டிக் குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி ஆட்டினேன். "மாமா!"

லமாராவின் வாய் திறந்தபடி நின்றது. சிலுவை போட்டுக்கொண்டாள். என் கிளாஸை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ ஆயா!" என்று சிந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "இங்க மாமான்னா நைனா!"

இந்த ஊரில் அப்பாவுக்குத்தான் மாமா என்று பெயராம். நான் என் அப்பாவைக் கட்டிக்கொண்டு ஐந்து பிள்ளை பெற்றேன் என்று காலைத் தூக்கிக் காட்டிச் சொல்லியிருக்கிறேன்.

அப்போது பார்க்க வேண்டும் என் பேத்தியை. எழுந்து நின்றாள். தொண்டையில் முள் மாட்டின அந்தப் பாஷை அவள் வாயிலிருந்து மடைதிறந்த மாதிரி வந்தது. என்னைக் காட்டினாள், படத்தைக் காட்டினாள், விரலால் மேஜையில் கோடு போட்டு அம்மா, அம்மாவின் தம்பி என்று காட்டினாள். குடும்ப மானம் போகிறதே. அப்பா இல்லை, அம்மாவின் தம்பி என்று தெரிந்ததும் லமாரா அமைதியாவாள் என்று பார்த்தால், மறுபடியும் சிலுவை போட்டுக்கொண்டாள். அவர்களில் அதுவும் கூடாதாம். ஏழு தலைமுறைக்குள் சொந்தத்தில் கட்டமாட்டார்களாம். நான் விடுவேனா? "பெத்த அஞ்சும் நல்லாத்தான கீது, சொல்லுடி!" என்றேன். அதைச் சொன்னாள். லமாரா பதிலுக்கு ஏதோ சொன்னாள். அதற்குச் சிந்து திரும்பி என்னையே திட்டினாள்.

"அவங்க சொல்றது சரிதான் ஆயா. டாக்டருக்குப் படிக்கறவ சொல்றேன், சொந்தத்துல கட்டக் கூடாது."

"நீ யாரு பக்கம்டி பேசற?"

ஒரு மணி நேரம் ஓடியது சண்டை. கடைசியில் லமாரா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். என் கிளாஸும் திரும்பி வந்தது.

திரும்பி நடந்து வரும்போது சிந்து, "ஆயா, நோட்டு இல்லாம பேசினேன்ல?" என்றாள்.

"எங்க பேசின? சண்டை போட்ட."

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் லமாரா ஜன்னலில் சிந்துவை நிறுத்திவைத்து என் குடும்பக் கதையைக் கேட்டாள். எந்த மருமகள் எந்த மகனுடையவள், யார் யாரோடு பேசுவதில்லை, என் முட்டி வலி எந்தப் பக்கம், அவள் முட்டி வலி எந்தப் பக்கம் என்று எல்லாம். "படிக்கவே உடமாட்டேன்றீங்க ரெண்டு கெழவிங்களும்," என்று சிந்து முனகிக்கொண்டே பேசினாள். ஆனால் கதவு ஓரத்துப் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

பதினோராம் நாள் பரீட்சை. காலையில் அவளுக்கு ஒன்றும் இறங்கவில்லை. "நாளைக்கு இந்நேரம் உன்கூட பிளேன்ல இருப்பேன் பாரு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனதும் நான் வீட்டில் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

மூன்று மணிக்குப் படிக்கட்டில் யாரோ ஓடி வருகிற சத்தம். லிஃப்ட்டுக்குக்கூட நிற்காமல் ஏழு மாடி ஏறி வந்திருக்கிறாள்.

"வலது பக்கம் ஆயா! வலது பக்கம்!"

"இன்னாடி வலது பக்கம்? மூச்சு உட்டுச் சொல்லு."

சொன்னாள். இவளுக்குக் கிடைத்த நோயாளி ஒரு கிழவி. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாளாம். இரண்டாம் தடவையும் அப்படியே. டீச்சர் பேனாவை எடுத்துவிட்டாளாம். எப்படியும் போச்சு என்று சிந்து கேள்வியை விட்டுவிட்டு, "எங்க பாட்டியும் இப்படித்தான், பிடிவாதம்," என்று அவர்கள் பாஷையில் சொல்லியிருக்கிறாள். கிழவி அரைக் கண்ணால் பார்த்தாளாம். "போன வாரம் ஒருத்தர் வீட்டுக்குப் போய், நான் மாமாவைக் கட்டிக்கிட்டேன்னு சாக்ஸைக் கழற்றிக் காட்டினாங்க," என்றாளாம்.

கிழவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதே பெண்ணே, இங்கே குத்துகிறது," என்று இவளைப் பார்த்தே சொன்னாளாம். சிந்து விடவில்லை. எப்போதிலிருந்து, சாப்பிட்ட பிறகா, முதுகுக்கும் போகிறதா என்று ஒன்றுவிடாமல் கேட்டுவிட்டாள். டீச்சர் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாளாம்.

"பாஸ் ஆயா! ரெண்டே மார்க்குல தப்பிச்சேன்!"

இரண்டு மார்க்கு எனக்குப் போதும். கண்டக்டர் மார்க்கு கேட்கமாட்டான்.

பன்னிரண்டாம் நாள் கிளம்பினேன். லமாரா ஆறு பூரியும், பாட்டிலில் அந்த ஜூஸும் கொடுத்தாள். என் பையின் கைப்பிடி உடைந்துபோயிருந்ததால் சிந்துவின் நீலப் பெட்டியில் என் சாமானை வைத்து எடுத்துவந்தேன். கையுறைப் பெண்கள் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. இப்போது அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதில் காய்ந்த காரப்பொடி வைத்திருக்கிறேன், பூனை தொடுவதில்லை.

சிந்து, இதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன். போனில் எனக்கு உரக்கப் படித்துக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள். சிரிக்கிற இடத்தில் சிரித்துக்கொள். ஆனால் இந்த இடத்தில் நிறுத்தாதே, மேலே படி.

என் பையின் கைப்பிடி தானாக உடையவில்லை. நாற்பது வருஷம் வஞ்சிரத் தலையை நறுக்கின கைக்கு ஒரு கைப்பிடி எம்மாத்திரம்? நீ பரீட்சைக்குப் போய்க் கதவைச் சாத்தினதும் உன் பெட்டியைத் திறந்தேன். உன் துணியையெல்லாம் எடுத்து பீரோவில் பழைய மாதிரி அடுக்கினேன். என் சாமானை அதில் வைத்துப் பூட்டினேன். அப்புறம்தான் கைப்பிடியை உடைத்தேன், நீ கேட்டால் காட்டுவதற்கு. நீ கேட்கவே இல்லை.

நீ பாஸ் பண்ணினதற்காக நான் பெட்டியை எடுக்கவில்லை. அதை நான் எடுத்தபோது மணி பத்துகூட ஆகவில்லை.

எங்கே, இதை மட்டும் இன்னொரு தடவை படி. மெதுவாக.